கூட்டும் வாரம்

படிக்கட்டு சுத்தமாக இருந்தது. அதுதான் கோளாறு.

ரோஸ்விதா கெர்ன் ஒரு கையில் ஃபைல் கட்டும் இன்னொரு கையில் நனைந்த குடையுமாகத் தெருக்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது மாலை ஆறு மணி. பிப்ரவரி மாதத்து ஷ்டுட்கார்ட் நகரம் எப்போதோ விளக்கு ஏற்றிவிட்டிருந்தது. நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து தெருவையே ஈரக் கம்பளி வாடையாக ஆக்கியிருந்தன. இந்த வாரம் படிக்கட்டு அவளுடைய பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையே முதல் மாடி நெஸ்லர் வீட்டுக்காரி பலகையைக் கொண்டுவந்து இவள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனாள். இன்று புதன். மூன்று நாளாக ரோஸ்விதா துடைப்பத்தைத் தொடவே இல்லை. காலையில் இறங்கும்போதுகூட ஓரங்களில் சேறும் ரொட்டித் துணுக்கும் கிடந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான் அவள்.

உள்ளங்கை அகலப் பலகை அது. மேலே கயிறு, நடுவில் கறுப்பு எழுத்தில் 'கூட்டும் வாரம்'. எந்தக் கதவில் அது தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் படிகளைக் கூட்டித் துடைக்க வேண்டும். ஞாயிறு வந்தால் அடுத்த கதவு. இந்த ஊரில் வரி கட்டாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், படிக்கட்டைக் கூட்டாதவளை மன்னிக்க மாட்டார்கள்.

தரைத்தளக் கதவு திறந்து வீட்டுச் சொந்தக்காரி எபர்லே அம்மாளின் தலை எட்டிப் பார்த்தது.

"அடேயப்பா! சூரியன் மேக்கால உதிச்சிருக்கு போல. கடைசியில கூட்டிட்டியே!"

"நான் கூட்டலையே, எபர்லேம்மா."

"பின்ன பேயா வந்து கூட்டுச்சு? நல்லாத்தான் கூட்டியிருக்க. மூலைமுடுக்கெல்லாம் வழிச்சு எடுத்திருக்க. இப்படி எப்பவும் செஞ்சா நான் ஏன் வாயத் திறக்கப் போறேன்?" தலை உள்ளே போய்விட்டது.

ரோஸ்விதா ஏறினாள். படிகள் ஈரமாக மினுங்கின. பச்சை சோப்புக் குழம்பின் வாடை மூக்கில் ஏறியது. போருக்கு முன் அம்மா தரை துடைக்கப் பயன்படுத்திய சோப்பு அது. இந்த வீட்டில் யாரும் இப்போது அதை வாங்குவதில்லை, எல்லோரும் மஞ்சள் டப்பா மெழுகுதான். இரண்டாம் மாடியில் தன் கதவின் முன் வந்து நின்றாள். கைப்பிடி வெறுமையாக இருந்தது. பலகையைக் காணோம்.

அண்ணாந்து பார்த்தாள். இன்னும் ஒரு வரிசைப் படி ஏறினால் கூரைக்கு அடியில் ஒரு வீடு. யாரோ அளவைக் கருவிக் கம்பெனிக்காரர்கள் கிடங்காக வைத்திருப்பதாகப் பேச்சு. ஆறு வருடத்தில் அந்தக் கதவு திறந்து அவள் பார்த்ததில்லை. பலகை அந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது லேசாக ஆடிக்கொண்டும் இருந்தது.

நெஸ்லர் வீட்டுக்காரியின் குசும்பு என்று நினைத்து, எரிச்சலோடு ஏறிப் போய்ப் பறித்துவந்து தன் கதவில் மாட்டினாள். யாராவது கூட்டட்டும், எவளாவது கூட்டட்டும். அவளுக்குப் பலகையைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது.

அந்தத் தலைவலியின் பெயர் கோட்ஹில்ஃப் ட்ராவுப்.

மறுநாள் காலை விசாரணை மையத்தில் அவள் மேசையில் அந்தப் பெயரைப் பற்றிய பன்னிரண்டாவது கடிதம் வந்து கிடந்தது. போர்க்காலக் கொலைகளை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கு உதவியாக இங்கே சேர்ந்து ஆறு வருடம். ஆறு வருடமும் ஒரே ஆளைத் தேடல். கிழக்கே ஒரு சுண்ணாம்புக் குவாரி முகாம், நானூறு கைதிகள், அதன் பொறுப்பாளன் ட்ராவுப், இந்தப் பக்கத்துக்காரன்தான். போர் முடிந்ததும் ஆளைக் காணோம். ஐம்பத்தொன்றில் அவன் பெண்டாட்டி மனுப் போட்டு, நீதிமன்றம் அவனை இறந்தவனாக அறிவித்துவிட்டது. செத்தவன் மேல் வாரண்ட் போட முடியாது என்கிறார் நீதிபதி. உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார். வரும் மே எட்டாம் தேதியோடு, போர்க்காலக் கொலைகளுக்கு வழக்குப் போடுவதற்கான இருபது வருடக் கெடு முடிகிறது. அதற்குள் ஒரு தாளில் நீதிபதி கையெழுத்து விழாவிட்டால், அப்புறம் ட்ராவுப் நடுத்தெருவில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூவினாலும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கடிதத்தைப் பிரித்தாள். உளவுத்துறையின் பதில். 'விசாரித்தோம். மேற்படி நபர் குறித்துத் தகவல் இல்லை.' பதினோரு முறை வந்த அதே வரி. கீழ் மூலையில் அதே பென்சில் குறி. 'சரி பார்த்தது' என்பதற்குப் போடும் சின்னக் கோடு, ஆனால் அதன் வால் பின்னுக்கு வளைந்து தூண்டில் முள்ளாக முடியும். அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு எரியும். முகம் தெரியாத யாரோ ஒரு குமாஸ்தா, காபியை உறிஞ்சிக்கொண்டே ஃபைலைத் திறக்காமலே முள்ளைப் போட்டு அனுப்புகிறான் என்று தோன்றும். டமாஸ்கஸில் இருக்கிறான் என்று அவர்களே ஒருமுறை துப்புக் கொடுத்து, அரசு வழக்கறிஞர் ஷிக் அங்கே போய்ப் பார்த்தால் ஒரு பல் வைத்தியனின் கல்லறை. ஃபைல் மட்டும் அரை அடி தடித்தது.

உளவுத்துறையிலிருந்து வாராவாரம் வந்துபோகும் வோல்ராட் அன்றைக்கும் வந்தார். தோல் கையுறையை விரல் விரலாகக் கழற்றுவார். வாயில் எப்போதும் பெப்பர்மின்ட்.

"மறுபடியும் வெறுங்கைதானா சார்?" என்றாள் ரோஸ்விதா. குரலில் மரியாதை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"என்ன மேடம் பண்றது. எங்ககிட்ட அந்தக் குவாரிப் பகுதிய அங்குலம் அங்குலமா தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். உங்க கடிதம் அத்தனையும் நேரா அவர்கிட்டதான் போகுது. அவரே இல்லங்கறார்னா இல்லதான்."

"அவர நான் ஒரு தடவ பாக்கலாமா?"

வோல்ராட் சிரித்தார். "கூச்ச சுபாவம் மேடம். வீட்ட விட்டே வரமாட்டார். அது கிடக்கட்டும், வீடெல்லாம் சௌகரியமா இருக்கா? நான் பாத்துக் குடுத்த வீடாச்சே."

ஆமாம், அவர்தான். வேலைக்குச் சேர்ந்த வருடம் வீடு கிடைக்காமல் அவள் அலைந்தபோது, ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்று சொல்லி அந்த வீட்டை முடித்துக் கொடுத்தவர் அவர்தான். ரோஸ்விதா தலையாட்டிவைத்தாள்.

அவர் போன பிறகு பழைய வாக்குமூலத்தை எடுத்தாள். ஃபைகா என்ற தையல்காரி, இப்போது ஹைஃபாவில் இருக்கிறாள், முகாமிலிருந்து மிஞ்சிய ஏழு பேரில் ஒருத்தி. நூறு முறை படித்த பக்கம்தான்.

'அவன் கத்தமாட்டான். கத்தினவங்க எல்லாம் வேற ஆளுங்க. காலையில நாங்க கொட்டகைக்குள்ள படுத்திருப்போம். வாசப்படியில தொடப்பச் சத்தம் கேக்கும். அவனே கூட்டுவான், எங்கள விடமாட்டான், எங்களுக்குச் சரியா கூட்டத் தெரியாதாம். மூணு இழுப்பு, ஒரு தட்டு. மூணு இழுப்பு, ஒரு தட்டு. அப்புறம் சோப்பு வாடை வரும். அப்புறம் கதவுல டக்குனு ஒரு சத்தம். சின்னப் பலகை, கயிறு போட்டது. எந்தக் கதவுல அது தொங்குதோ அந்தக் கொட்டகை சாயங்காலம் காலி. மறுநாள் அடுத்த கதவு.'

ஏதோ எண் பலகை என்றுதான் ஆறு வருடமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரோஸ்விதாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நேற்று மாலை மேல் வீட்டுக் கதவில் லேசாக ஆடிக்கொண்டிருந்த பலகை இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது.

ஷிக்கின் அறைக்கு ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் இருபது வருடமாகக் கதவுகளில் முட்டி முட்டி நெற்றி மரத்துப்போனவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சரிம்மா, அவன் ஊர் வழக்கத்த அங்கயும் கொண்டுபோயிருக்கான். கேவலம்தான். அதுக்காக உங்க வீட்டுப் படிய எவனோ கூட்டினா அவன் ட்ராவுப்பா? அப்படிப் பாத்தா இந்த ஜில்லாவே உள்ள போகணும். என் மாமியார் முதல்ல போகணும்."

"சோப்பு வாடையும் அதேதான் சார்."

"கெர்ன், தூங்கி எத்தன நாளாச்சு? நீதிபதிகிட்ட போய் நான் என்ன சொல்ல? வாடை வருது, வாரண்ட் குடுங்கன்னா?"

"அப்ப என்ன கொண்டுவந்தா ஒத்துப்பார்?"

"ட்ராவுப்புக்கு இடது கை மோதிர விரல்ல மேல் கணு கிடையாது. அந்தக் கையக் கொண்டு வாங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவள் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். எழுதும் மேசையில் உட்கார்ந்து தட்டச்சு இயந்திரத்தைத் தட்டுவாள், சட்டென நிறுத்துவாள். மேலே ஒன்றும் கேட்காது. தண்ணீர்க் குழாய் முனகும், கூரை மரம் குளிரில் சடசடக்கும், நெஸ்லர் வீட்டு ரேடியோ தரை வழியாக முணுமுணுக்கும். ஆனால் அவள் தட்டுவதை நிறுத்திய அந்தக் கணத்தில் தலைக்கு நேர் மேலே இருந்த மௌனம் மட்டும் வெறும் வீட்டின் மௌனமாகத் தோன்றவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மௌனமாகப் பட்டது. இத்தனை வருடம் வீட்டுக்கு ஃபைல் கொண்டுவந்து, சாட்சிகளின் பெயரை வாய்விட்டுப் படித்துப் படித்துத் தட்டியிருக்கிறோமே என்று நினைத்ததும் தட்டச்சு இயந்திரத்தை உறைபோட்டு மூடினாள்.

படியை அவள் கூட்டவில்லை. வேண்டுமென்றே கூட்டவில்லை. வெள்ளி மாலை ட்ராம் ஓட்டும் நெஸ்லர் படியில் மறித்துக்கொண்டு நின்றார்.

"ஊர்ல உலகத்துல இருக்கற கிழவனுங்களயெல்லாம் தேடிப் புடிக்கறீங்க. இந்த மூலைல இருக்கற தூசிய புடிக்க முடியல, பாருங்க!"

"புடிக்கத்தான் பாக்கறேன், நெஸ்லர் சார்."

அவர் ஒன்றும் புரியாமல் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மதியம் வீடு காலியானது. எபர்லே அம்மாள் தேவாலயத்துப் பெண்களோடு கேக் சாப்பிடப் போனாள், நெஸ்லர் தம்பதி மகள் வீட்டுக்கு. ரோஸ்விதா அடுப்புச் சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு மேல் வீட்டுக் கதவுவரை ஏறினாள். அங்கிருந்து படிப்படியாக, கைநிறைய அள்ளி, தன் தளம்வரை இறைத்துக்கொண்டே இறங்கினாள். சாம்பலின் மேல் காபித் தூளையும் கவிழ்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தடதடவென்று கீழே போய், தெருக்கதவைத் திறந்து, ஓங்கி அறைந்து சாத்தினாள், வெளியே போகாமலே. ஷூவைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மரம் கிறீச்சிடாத சுவரோரமாகக் காலுறையோடு மேலே வந்து தன் வீட்டுக்குள் நுழைந்து கதவை மூடிக்கொண்டாள்.

அவள் கதவில் முழங்கால் உயரத்தில் கடிதம் போடும் துளை ஒன்று உண்டு. உள்பக்கம் பித்தளை மூடி. மண்டியிட்டு மூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அரை மணி போனது. முழங்கால் மரத்தது. துளை வழியாக வந்த குளிர்காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. சாம்பல் வாடையும் பழைய மர வாடையும் எங்கோ வேகும் முட்டைக்கோஸ் வாடையும் கலந்து அந்த ஒடுங்கிய வெளிச்சத்தில் மிதந்தன. ஆறு வருடம் வீணாகக் காத்திருந்தவளுக்கு அரை மணி ஒரு பொருட்டில்லை. ஆனாலும் தன்மீதே கோபம் கோபமாக வந்தது. படித்தவள், நாற்பத்தொரு வயதுக்காரி, சாம்பலைக் கொட்டிவிட்டுக் கதவு ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று.

மேலே சாவி திரும்பியது.

எண்ணெய் போட்ட பூட்டு. சத்தமே இல்லை எனலாம். அப்புறம் வாளி தரையில் வைக்கப்பட்ட சத்தம். அப்புறம்,

மூன்று இழுப்பு. ஒரு தட்டு.

மூன்று இழுப்பு. ஒரு தட்டு.

அவசரமே இல்லாத கை. ஒவ்வொரு படியிலும் மூன்று இழுப்பு, பிறகு துடைப்பத்தைப் படி விளிம்பில் ஒரு தட்டு. நெருங்கி வந்தது. பச்சை சோப்பு வாடை முதலில் துளைக்குள் நுழைந்தது. பிறகு நார் நாரான துடைப்ப முனை. பிறகு கம்பளிச் செருப்பு அணிந்த இரண்டு கால்கள், நன்றாக இஸ்திரி போட்ட சாம்பல் நிறக் கால்சட்டை. முழங்கால்கள் மடங்கின. சாம்பலை முறத்தில் அள்ள ஒரு கை இறங்கி வந்தது, அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில்.

இடது கை. மோதிர விரல் குட்டை.

அவள் மூச்சு விடவில்லை. கை நின்றது. முறத்தை நிமிர்த்தி வைத்தது.

"அடுப்புச் சாம்பல வெறும் தரையில கொட்டக் கூடாதும்மா," என்றது மேலேயிருந்து ஒரு குரல். மெல்லிய, பொறுமையான, கிழட்டுக் குரல். "மரத்துல கறை ஏறிடும். அப்புறம் போகவே போகாது."

மூடி அவள் விரலிலிருந்து நழுவியது. கதவின் மறுபக்கம் டக்கென்று ஒரு சத்தம். கம்பளிச் செருப்புகள் மெதுவாக மேலே ஏறிப் போயின. பூட்டுச் சத்தம் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. கதவைத் திறந்தபோது தளம் ஈரமாக மினுங்கியது. கைப்பிடியில் பலகை தொங்கியது, பின்பக்கம் தெரிய. கூட்டி முடித்தவர்கள் தேதி போட்டுக் கையெழுத்திட எபர்லே அம்மாள் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருப்பாள். புதன்கிழமைத் தேதி. இன்றைய தேதி. இரண்டுக்கும் எதிரே பென்சிலில் ஒரு குறி.

வால் பின்னுக்கு வளைந்த சின்னக் கோடு. தூண்டில் முள்.

பன்னிரண்டு கடிதங்கள். ட்ராவுப் எங்கே என்று பன்னிரண்டு முறை எழுதிக் கேட்டாள். பன்னிரண்டு முறையும் ட்ராவுப்தான் பதில் போட்டிருக்கிறான். அவள் தலைக்கு மேலே உட்கார்ந்து, அவள் தட்டச்சுச் சத்தத்தைக் கேட்டு, கடிதம் எப்போது வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு. இந்த வீட்டில் அவளைக் கொண்டுவந்து வைத்தது யார் என்பதும் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பலகையைப் பறிக்கக் கை நீண்டது. நிறுத்திக்கொண்டாள். ஆதாரத்தைத் தொடாதே, இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சாட்சிகள் முன்னால் எடு. ஆறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அப்படியே விட்டுவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் கீழே ஓடினாள்.

எதிர்ச் சாரியில் தொலைபேசிக் கூண்டு. ஷிக்கின் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். "கையப் பாத்துட்டேன் சார்," என்றாள். "விரலப் பாத்துட்டேன்." "அங்கயே நில்லுங்க," என்றார் அவர். "போலீஸோட வரேன்."

முப்பத்தைந்து நிமிடம் காலுறைக் காலோடு ஈரக் கல்லில் நின்று தெருக்கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. கீழ்ச் சன்னல்களுக்குக் கம்பி. யாரும் வெளியே வரவில்லை. ஒரு பூனைகூட வரவில்லை. இந்த முறை தப்ப முடியாது.

கார் வந்தது. ஷிக் இறங்கினார். இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். கடைசியாகக் கையுறையை மாட்டிக்கொண்டே வோல்ராட்டும் இறங்கினார்.

"இவர் எதுக்கு சார்?" என்றாள் ரோஸ்விதா.

"விதிமுறைம்மா. தகவல் சொல்லியாகணும்." ஷிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏறினார்கள். இரண்டாம் மாடியில் அவள் கதவு திறந்தபடியே இருந்தது. கைப்பிடியில் ஒன்றுமில்லை.

"பலகை!" என்றாள். "இங்கதான் இருந்துது. இதுலதான்..."

"முதல்ல மேல பாப்போம்," என்றார் ஷிக்.

மேல் வீட்டுப் பூட்டைப் போலீஸ்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வோல்ராட் தன் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "அந்தக் கம்பெனிக்காரங்க நமக்குத் தெரிஞ்சவங்கதான்," என்றார். ஷிக் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

உள்ளே யாருமில்லை. சாய்கூரைக்கு அடியில் ஒற்றை அறை. ஒரு மேசை, அதன் மேல் கால் நிமிர்த்திக் கவிழ்த்த நாற்காலி. கூரைச் சன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. தரை பளிச்சென்று கழுவப்பட்டு இன்னும் ஈரமாக, சோப்பு வாடையோடு. நடுவில், சரியாக அவளுடைய எழுதும் மேசைக்கு மேலே வரும் இடத்தில், ஒரு கண்ணாடித் தம்ளர் தரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காது வைத்துக் கேட்க வாகாக.

"அது! அதப் பாருங்க சார்!"

வோல்ராட் குனிந்து தம்ளரை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். "சாமான் ஏத்த வந்தவன் எவனாவது மறந்துட்டுப் போயிருப்பான்," என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இந்த ஈரம்? இப்பதான் கழுவியிருக்கு சார்! நான் தெருக்கதவவிட்டு அசையவே இல்ல. ஒருத்தரும் வெளிய போகல!"

போலீஸ்காரர்கள் நிலவறையைப் பார்த்தார்கள், நிலக்கரிக் கிடங்கைப் பார்த்தார்கள். எபர்லே வீடும் நெஸ்லர் வீடும் பூட்டியிருந்தன. படியில் ஒரு துளிச் சாம்பல் இல்லை. அரை மணியில் எல்லாம் முடிந்தது. ஷிக் அவள் தோளில் கை வைத்தார்.

"திங்கக்கிழமை வர வேண்டாம்மா. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோங்க. ட்ராவுப் ஃபைல நான் வாங்கிக்கறேன்."

"சார், மே மாசம் வந்துடும் சார். இத விட்டா அவ்வளவுதான்."

"தெரியும்," என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? கத்திப் பேச இனித் தெம்பில்லை.

கடைசியாக இறங்கிய வோல்ராட் அவள் கதவருகே நின்று கையுறைப் பொத்தானைப் போட்டார். பெப்பர்மின்ட் வாடை வந்தது.

"உள்ள போய் நல்லா பூட்டிக்கோங்க மேடம்," என்றார் இதமாக. "சங்கிலியும் போட்டுக்கோங்க."

கார் கிளம்பிப் போகும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. ரோஸ்விதா கதவைச் சாத்திப் பூட்டினாள். சங்கிலியைப் போட்டாள். இருண்ட நடையில் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். பாதம் ஈரமாக இருந்தது. தெருவில் அத்தனை நேரம் நின்ற ஈரம் என்று நினைத்தாள். எங்கே போயிருப்பான்? கூரைச் சன்னல் தாழிட்டிருந்தது. தெருக்கதவு வழியாக வரவில்லை. கீழே இரண்டு வீடும் பூட்டு. மேல் வீட்டில் இல்லை. நிலவறையில் இல்லை. இருக்கும் நாலு வீட்டில் மூன்றைக் கழித்தாயிற்று.

அவள் ஓடியபோது தன் கதவைச் சாத்தவில்லை.

அவள் வீட்டை யாரும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க?

கால் விரலை நகர்த்தினாள். தரை வழுக்கியது. தெரு ஈரம் இல்லை இது. சோப்பு. நடை முழுக்க, சுவரோரம் முழுக்க, மூலைமுடுக்கெல்லாம் வழித்துக் கழுவியிருந்தது. சமையலறையில் தெருவிளக்கு வெளிச்சம். மேசையின் மேல் அவளுடைய இரண்டு நாற்காலிகளும் கால்களை நிமிர்த்திக் கவிழ்ந்திருந்தன. அடுப்பருகே வாளி. அவளுடைய வாளி இல்லை.

நடையின் கோடியில் படுக்கையறைக் கதவு. அவள் அதை ஒருநாளும் மூடுவதில்லை. மூடியிருந்தது.

பின்னால் கைவிட்டுச் சங்கிலியைத் தேடினாள். விரல் கேட்கவில்லை. சங்கிலி கிணுகிணுத்தது. கழலவில்லை.

ஆள் உயிரோடுதான் இருக்கிறான். ஆதாரம் கிடைத்துவிட்டது. மே மாதத்துக்கு முன்னால். சாட்சி அவள் ஒருத்திதான்.

படுக்கையறைக் கைப்பிடியில் பலகை. முன்பக்கம் தெரிய. இப்போதுதான் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

இடம். வலம். இடம்.

கதவுக்கு உள்ளே, அவசரமே இல்லாமல், மூன்று இழுப்பு.

ஒரு தட்டு.